பேரனின் டான்சிலும் அலமாரியில் இருந்த சிரப் பாட்டிலும்



போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு டான்சில் ஆபரேஷன் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. "டீச்சர், எங்க பொண்ணுக்கும் எடுக்கச் சொல்லியிருக்காங்க, பயமா இருக்குங்க" என்று பழைய மாணவிகள். "மயக்க மருந்து குடுத்தா மூளை மந்தமாயிருமாமே" என்று உறவுக்காரர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொல்லி எனக்கே தொண்டை வறண்டுவிட்டது. அதனால் இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தானே.

நான் டீச்சர் டிரெய்னிங் படித்தவள், மருத்துவம் படித்தவள் இல்லை. இதில் வரும் மருத்துவ விஷயங்கள் மயக்க மருத்துவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும்தான். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பையனுக்கு 6 வயது, எடை 18 கிலோ. எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாருக்குப் பின்பக்கம் என்பது தெரிந்ததுதான். ராத்திரியெல்லாம் லாரி வரும், மூட்டை இறக்குவார்கள், சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தையும் மீறி இவன் குறட்டை கேட்கும். குறட்டைகூடப் பரவாயில்லை. நடுவில் திடீரென்று நின்றுவிடும். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு எண்ணுவேன். ஆறு, ஏழு, எட்டு... பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல மூச்சை இழுப்பான். காலையில் எழுப்பினால் எழ மாட்டான், வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று அவன் மிஸ் சொல்லி அனுப்பினார். வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மிளகாய் மண்டி நெடி என்றார் ஒருவர், ஐஸ் தின்கிறான் என்றார் இன்னொருவர். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று அர்த்தம் என்றுகூடச் சொன்னார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் சேர்ந்து வழியை அடைக்கின்றன, தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். தொண்டை வலி வந்தவர்களுக்கெல்லாம் டான்சிலை எடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. தொண்டைப் புண்ணுக்காக என்றால் ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இவன் விஷயத்தில் காரணம் மூச்சு.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். கதவைத் திறந்தால், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன்! (பெயர் போடவில்லை, கூச்சப்படுவான்.) சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இந்த ஊர் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. எழுந்து நின்று, "டீச்சர், நீங்க உக்காருங்க" என்றான். பிறகு சொன்னான்: "சர்ஜன் கத்தியப் பிடிச்சுக்குவார் டீச்சர். மூச்சப் பிடிச்சுக்கறது என் வேலை."

அவன் கேட்ட கேள்விகள்தான் எனக்கு ஆச்சரியம். பையன் குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நிற்கிறதா, எத்தனை எண்ணும் வரை நிற்கிறது? நான் எண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். அடுத்து, "வீட்ல இருமல் சிரப் ஏதாவது இருக்குதுங்களா?" என்றான். இருந்தது. அப்புச்சியின் வறட்டு இருமலுக்குப் போன வருடம் எழுதிக் கொடுத்தது, பாதி பாட்டில் அலமாரியில் நின்றது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இதுல கோடீன் இருக்கு டீச்சர். பையன் கைக்கோ, வேற யார் கைக்கோ எட்டாம வைங்க" என்றான்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "ஆபரேஷன்ல அபின் வகை மருந்த முடிஞ்ச மட்டும் குறைச்சுத்தான் குடுப்பேன். வீட்டுக்குப் போனப்புறம் ஒரு துளிகூட வேண்டாம்." என் மகள் பதறிவிட்டாள். "அப்ப வலிக்காதுங்களா டாக்டர்?" அவள் கேட்டது நியாயம். தொண்டையில் ஆறாத புண் இரண்டு இருக்கும், ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் அதன் மேல்தான் போக வேண்டும்.

அபின் என்றதும் நமக்கு வடநாடும் கடத்தலும்தான் ஞாபகம் வரும். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதே செடிதான். விதையில் அந்த மருந்துச் சத்து மிக மிகக் குறைவு. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதிலிருந்து மார்பினை 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்டர்னர் என்பவர் பிரித்தெடுத்தார், கிரேக்கக் கனவுக் கடவுளின் பெயரை வைத்து. கோடீனும் அந்தக் குடும்பம். பெத்திடின், ஃபென்டனில், டிரமடால் எல்லாம் தொழிற்சாலையில் செய்த தம்பிகள். ஃபென்டனில் மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. உலகம் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் தினமும் பயன்படுகிற மருந்துதான் அது.

இவை வலியை அடக்குவதில் கெட்டி. கூடவே மூளையில் மூச்சு விடச் சொல்லும் பகுதியையும் தட்டித் தூங்க வைக்கும். வாந்தியும் வரும். டான்சில் எடுத்த குழந்தை ஏற்கெனவே ரத்தத்தைக் கொஞ்சம் விழுங்கியிருக்கும், அதற்கு மேல் வாந்தி எடுத்தால் புண்ணுக்கு நல்லதில்லை.

குறட்டைப் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி ராத்திரி ஆக்சிஜன் குறைந்து குறைந்து பழகிய குழந்தைக்கு இந்த மருந்து இரட்டிப்பாக வேலை செய்கிறது. கனடாவில் மான்ட்ரியால் நகரில் கேரன் பிரவுன் என்ற மயக்க மருத்துவரும் அவர் குழுவும் 2006இல் இதை எழுதினார்கள். தூக்கத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்குகிற பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் பாதி மார்பினே போதுமானதாக இருந்தது. எடையைப் பார்த்து வழக்கமான அளவைக் கொடுத்தால், இந்தக் குழந்தைக்கு அது அதிக அளவு. குறட்டையை நான் எண்ணியதைத் திரும்பத் திரும்ப ஏன் கேட்டான் என்று அப்போதுதான் புரிந்தது.

கோடீன் கதை இன்னும் கொடுமை. கோடீன் தானாக வலியைப் போக்காது. கல்லீரல் அதை மார்பினாக மாற்றினால்தான் வேலை செய்யும். மாற்றுகிற வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறு. நம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடை வெள்ளியை இரண்டு பட்டறைக்குக் கொடுக்கிறோம். ஒன்று நிதானமாகக் கொலுசு செய்து தருகிறது, இன்னொன்று ஒரே ராத்திரியில் அத்தனையையும் கொட்டிவிடுகிறது. யார் உடம்பில் எந்தப் பட்டறை என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

கனடாவில் 2 வயதுப் பையன் ஒருவன். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை. டான்சிலும் அடினாய்டும் எடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்குக் கோடீனும் பாரசிட்டமாலும் கலந்த சிரப். கொடுத்த அளவில் தப்பில்லை. இரண்டாவது ராத்திரி கடந்து மறுநாள் காலையில் பார்த்தால் குழந்தை இல்லை. அவன் உடம்பு கோடீனை அதிவேகமாக மார்பினாக்கும் வகை என்று பிறகு தெரிந்தது. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளிவந்தது. அதன் பின் வேறு சில குழந்தைகளின் விவரமும் வந்தது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டான்சில் ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்தது. அதே வருடம் ஐரோப்பாவும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2017இல் 12 வயதுக்குக் கீழ் கோடீனும் டிரமடாலும் கூடாது, டான்சில் எடுத்தவர்களுக்கு 18 வயது வரை டிரமடால் கூடாது என்று அமெரிக்காவில் இன்னும் இறுக்கினார்கள்.

இதை என் மகளிடம் படித்துக் காட்டவில்லை. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன்.

சரி, அபின் வகை இல்லாமல் வலிக்கு என்ன வழி? ஒரே பெரிய மருந்துக்குப் பதில் நாலைந்து சின்ன மருந்துகளைச் சேர்த்து வைக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே பாரசிட்டமால். டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு ஊசி, இது வீக்கத்தையும் வாந்தியையும் குறைக்கும். சில டாக்டர்கள் டான்சில் குழியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். டெக்ஸ்மெடிடொமிடின் என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருக்கிறது. மூச்சை அவ்வளவாக அமுக்காமல் அமைதிப்படுத்தும், ஆனால் நாடி மெதுவாகும், பிள்ளை எழுந்திருக்க நேரமாகும். எனவே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் பெல்வியூ மையத்தில் இருந்த குழு இப்படிப் படிப்படியாக மாற்றிப் பார்த்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே நாளில் மார்பினை நிறுத்திவிடவில்லை. ஒன்றை மாற்றுவார்கள், எத்தனை பிள்ளைகள் அழுதார்கள், எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்று எண்ணுவார்கள், பிறகு அடுத்ததை மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் வலி கூடவில்லை, வாந்தி குறைந்திருந்தது. மாணவர் வருகைப் பதிவேடு மாதிரி எண்ணி எண்ணிச் செய்த வேலை என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

எங்கள் டாக்டர் தியேட்டரில் ஃபென்டனிலைக் கொஞ்சமாகக் கொடுத்ததாகச் சொன்னான், அதையும் ஆரம்பத்தில் மட்டும். அடியோடு இல்லாமல் செய்பவர்களும் உண்டு. அது அவரவர் அனுபவம். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான். தியேட்டரில் குறைத்த அபினுக்குப் பதில் சொல்ல வேண்டியது வீட்டில் இருக்கிற நாம்தான். "வலிச்சா குடுங்க" என்று இருந்தால் சரிப்படாது. வலி ஏறிய பிறகு குழந்தை வாயைத் திறக்காது, திறக்காவிட்டால் மருந்தும் போகாது, தண்ணீரும் போகாது. அதனால் மணிக்கணக்கு. எங்களுக்கு எழுதிக் கொடுத்தது 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரசிட்டமால், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐபுபுரூபன். முதல் மூன்று நாள் ராத்திரியிலும் எழுப்பிக் கொடுக்கச் சொன்னான். பழைய நோட்டில் கோடு போட்டு நேரம், மருந்து, எத்தனை மில்லி, யார் கொடுத்தது என்று நாலு கட்டம் வரைந்து சுவரில் ஒட்டினேன். மருமகன் சிரித்தார். இரண்டாம் நாள் அவரே கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒரு கணக்குப் பாடம். பாரசிட்டமால் எடைக்கு எடை, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். 18 கிலோவுக்கு 270. ஆனால் கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் உண்டு, 250 இருக்கிற சிரப்பும் உண்டு. "ரெண்டு ஸ்பூன்" என்று சொல்லிவிட்டுப் போனால் ஒரு வீட்டில் சரியாக இருப்பது அடுத்த வீட்டில் இரட்டிப்பாகும். ஐபுபுரூபனும் பாரசிட்டமாலும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்த சிரப்பும் விற்கிறது. அதையும் கொடுத்து, தனிப் பாரசிட்டமாலும் கொடுத்தால் கல்லீரல் என்னாவது? சளிக்குக் கொடுக்கும் சிரப் பலவற்றிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். லேபிளைப் படியுங்கள். எழுத்துச் சின்னதாக இருந்தால் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐபுபுரூபன் ரத்தக் கசிவைக் கூட்டுமா என்ற விவாதம் டாக்டர்களுக்குள் இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இரண்டையும் கொடுக்கலாம் என்கிறது. சில டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு சுற்றும்போது காய்ச்சல் அடித்தால் ஐபுபுரூபனை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கேளுங்கள். டெங்குவில் அது ஆகாது. ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது.

மூன்றாவது ராத்திரிதான் மோசம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை வலி ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். காது வலிக்குது அம்மாயி என்று அழுதான். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போகிறது, காதில் ஒன்றும் இல்லை. ஐபுபுரூபன் கொடுத்து அரை மணி ஆகியிருந்தது, இன்னும் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தார். "அந்த இருமல் மருந்துல ஒரு மூடி ஊத்துங்க சம்பந்தி. பையன் தூங்கிருவான். எங்க காலத்துல கசகசாவ அரைச்சுப் பால்ல குடுத்துத்தான வளத்தோம்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பம்பாய்ப் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன தாய்மார்கள் பச்சைக் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயரே பாலா கோலி. அழுகிற பிள்ளை தூங்கினால் போதும் என்ற தவிப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு மூடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டான்சில் எடுத்ததும் குறட்டை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வீக்கம் இருப்பதால் முதல் சில ராத்திரி வழி இன்னும் குறுகலாகத்தான் இருக்கும்.

"வேண்டாங்க சம்பந்தி, அது மூச்ச நிறுத்திரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐஸ் கட்டியைத் துணியில் கட்டி உடைத்துக் கிண்ணத்தில் போட்டேன். சளி பிடிக்கும் என்பார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அவரே வாங்கி ஒவ்வொரு சில்லாக அவன் நாக்கில் வைத்தார். இருபது நிமிஷம் கழித்து மருந்து பிடித்தது, அரை டம்ளர் இளநீர் குடித்தான், தூங்கினான். நான் படுக்கப் போனேன். விடிகாலையில் எழுந்து பார்த்தால் சம்பந்தியம்மா அதே இடத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்டையில் வெள்ளையாகப் படியும், வாய் நாறும், பயப்பட வேண்டாம், அது புண் ஆறும் பக்கு. பயப்பட வேண்டியது ரத்தம். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு பக்கு உதிரும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் வரலாம். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். சிவப்பாகத் துப்பினால் பக்கத்து வீட்டில் யோசனை கேட்காமல் வண்டியை எடுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் இருக்கிற மார்பின் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என் பெரிய அண்ணன் வாய்ப் புற்றுநோயில் கஷ்டப்பட்டது உறவுகளுக்குத் தெரியும். கடைசி நாலு மாதம் அவரைத் தூங்க வைத்தது மார்பின் மாத்திரைதான். "பழக்கமாயிரும்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூரிலும் மத்தியப் பிரதேசத்தில் நீமச்சிலும் அரசாங்கமே அபின் ஆலை வைத்திருக்கிறது, ஆனால் 1985 போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மார்பின் வாங்க ஒரு மருத்துவமனைக்குப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி 2014இல் திருத்தம் வந்தது. 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவில் தேவைக்குக் கிடைத்த வலி மருந்து 4 சதவீத அளவுதான். அமெரிக்காவில் அள்ளிக் கொடுத்துக் கெட்டார்கள், நம் நாட்டில் கொடுக்காமல் கதற விட்டார்கள். மூச்சு அடைக்கிற 6 வயதுப் பையனும், எலும்பு வரை வலிக்கிற 70 வயது அண்ணனும் ஒரே கணக்கில் வர மாட்டார்கள்.

நேற்று ராசிபுரத்திலிருந்து கேட்ட மாணவிக்கு: உன் மகளுக்கு அடுத்த மாதம்தானே? மயக்க மருத்துவரை முன்னாலேயே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேள். ராத்திரி அவள் தூங்குவதைப் போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போய்க் காட்டு. அபின் வகை மருந்து கொடுப்பீர்களா, கொடுத்தால் எவ்வளவு நேரம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள், அன்றைக்கே அனுப்புவீர்களா, ராத்திரி தங்க வைப்பீர்களா என்று கேள். வீட்டு மருந்தை ஸ்பூனில் சொன்னால் மில்லியில் எழுதித் தரச் சொல். தயங்காதே, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எனக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டு. சாயங்காலம் 4 மணிக்கு மேல் பண்ணு கண்ணு, மத்தியானம் நான் தூங்குவேன்.